விரயம் எது?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

சிக்கனம் என்பது நம் வீடுகளில் நற்பெயர் பெற்ற சொல். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வா, சோற்றை இறைக்காதே, தாளின் இரு பக்கமும் எழுது என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே சொல் ஒரு தொழிற்சாலையின் வாயிலுக்குள் நுழைந்துவிட்டால் கேட்பவர் முகம் வாடிவிடுகிறது. அறிவிப்புப் பலகையில் ‘சிக்கன நடவடிக்கை’ என்ற எழுத்தைக் கண்டதும், இம்முறை யாருக்கு வேலை போகப் போகிறதோ என்றுதான் தொழிலாளி எண்ணுகிறான். வீட்டில் நற்குணமாக விளங்குவது ஆலையில் அச்சமாக மாறுவது ஏன்? இக்கேள்விதான் இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

இன்று உலகெங்கும் உற்பத்தித் துறையில் ‘லீன்’ முறை என்று ஒன்று பேசப்படுகிறது. ஊளைச்சதை இல்லாத உடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. 1988-ஆம் ஆண்டு ஜான் கிராஃப்சிக் என்பவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வழியே அப்பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1990-இல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் ஆகிய மூவர் எழுதிய நூல் அதை உலகறியச் செய்தது. பெயர்தான் அமெரிக்காவில் பிறந்தது. பொருள் பிறந்தது ஜப்பானில், டொயோட்டா நிறுவனத்தின் ஆலைகளில். அம்முறையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டவர்களே அதற்கு அச்சுறுத்தும் பெயரைத் தேடித் தந்தார்கள் என்பது என் துணிபு. அதனை விளக்க, முதலில் முறை இன்னதென்று பார்ப்போம்.

தறியில் பிறந்த தத்துவம்

மோட்டார் வாகன முறையின் வேர் ஒரு நெசவுத் தறியில் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். சகிச்சி டொயோடா 1867-இல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் தறியை மேம்படுத்துவதிலேயே செலவிட்ட அவர், 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறியால் பெரும்புகழ் பெற்றார். அத்தறியில் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நெசவு தெரிந்தவர்க்கு இதன் அருமை புரியும். பாவில் ஓர் இழை அறுந்த பின்னும் தறி ஓடிக்கொண்டே இருந்தால், நெய்யப்படுவது துணியன்று, பழுது. அந்தப் பழுதைத் தடுப்பதற்காகத் தறியருகே ஒருவர் கண் கொட்டாமல் நின்றாக வேண்டும். தறியே நிற்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் காவல் வேலை ஒழிந்தது. ஒருவரே பல தறிகளைப் பார்க்க முடிந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற எந்திர உற்பத்தியாளரான பிளாட் சகோதரர் நிறுவனமே 1929-இல் இதன் உரிமையை விலைகொடுத்து வாங்கியது.

பிழை நேர்ந்தால் நிறுத்து, ஓட்டிக்கொண்டே போகாதே. மனிதனை எந்திரத்துக்குக் காவற்காரனாக்காதே. இவ்விரண்டும் அத்தறி புகட்டிய பாடங்கள். சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-இல் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கியபோது மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: வேண்டியது, வேண்டியபோது, வேண்டிய அளவு மட்டும். மூன்றையும் ஒன்றாக்கி ஒரு முறையாக வளர்த்தவர் டாயிச்சி ஓனோ (1912 – 1990). 1932-இல் டொயோடா நூற்பாலையில் சேர்ந்து 1943-இல் மோட்டார் ஆலைக்கு வந்தவர் அவர்.

ஏழையின் சிந்தனை

அமெரிக்காவில் 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் நகரும் வரிசை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12½ மணி நேரம் ஆகிவந்த நிலை மாறி 1½ மணி நேரமாகக் குறைந்தது. ஒரே வகைக் காரை இலட்சக்கணக்கில் செய்து, விலையைக் குறைத்து விற்பது அவர்கள் வழி. போருக்குப் பிந்திய ஜப்பானில் அதற்கு வழியேது? பணமில்லை, இடமில்லை, சந்தை மிகச் சிறியது. அதிலும் லாரி, கார் எனப் பலவகை வண்டிகள் சிறு சிறு எண்ணிக்கையில் வேண்டும். கிடங்கு நிறையச் சரக்கை அடுக்கிவைத்து அழகு பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இம்முறை செல்வச் செழிப்பில் தோன்றியதன்று, இல்லாமையில் தோன்றியது.

ஓனோவுக்கு வழிகாட்டியது அமெரிக்கப் பல்பொருள் அங்காடி. அங்கே வாடிக்கையாளர் வேண்டியதை அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். எடுத்த அளவுக்கு மட்டுமே கடைக்காரர் மீண்டும் நிரப்புகிறார். ஆலையிலும் அப்படியே செய்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். பின்னால் இருப்பவர் செய்து செய்து முன்னால் தள்ளுவதற்குப் பதிலாக, முன்னால் இருப்பவர் தமக்கு வேண்டியதைப் பின்னால் இருப்பவரிடம் போய் எடுத்துக்கொள்வார். எடுத்ததற்கு அடையாளமாக ஒரு சீட்டுப் போகும். சீட்டு வந்தால்தான் அடுத்ததைச் செய்ய வேண்டும், வராவிட்டால் செய்யக்கூடாது. இந்தச் சீட்டுக்குத்தான் ‘கான்பான்’ என்று பெயர். 1960-களின் தொடக்கத்தில் இது அந்நிறுவனத்தின் ஆலைகள் முழுவதும் பரவியது.

இதில் ஒரு தடை இருந்தது. தகடுகளை அழுத்தி உருவாக்கும் எந்திரத்தில் ஓர் அச்சைக் கழற்றி வேறொன்றை மாட்ட மணிக்கணக்கில் ஆகும். ஆகவே ஒருமுறை மாட்டிவிட்டால் மாதக்கணக்குக்கு வேண்டியதை அடித்துக் குவிப்பதே வழக்கம். டொயோட்டாவினரும், அவர்களுக்கு ஆலோசகராயிருந்த ஷிகியோ ஷிங்கோவும், எந்திரம் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது, நின்ற பிறகுதான் செய்யமுடிகிற வேலை எது என்று பிரித்துப் பார்த்தார்கள். மணிக்கணக்கு நிமிடக்கணக்காயிற்று, பத்து நிமிடத்துக்குள் அச்சு மாறியது. அதன்பின் குவித்துவைக்கும் தேவையே இல்லாமற்போயிற்று.

ஏழு விரயங்கள்

ஆலையில் நிகழும் விரயத்தை ஓனோ ஏழாக வகுத்தார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், பொருளை இங்குமங்கும் சுமத்தல், வேண்டாத வேலையைச் செய்தல், இருப்பைக் குவித்தல், ஆள் வீணாக அலைதல், பழுதான பொருளை உண்டாக்குதல் என்பன அவை. இவற்றுள் கொடியது முதலாவது என்றார். தேவைக்கு மேல் செய்த பொருளை வைக்கக் கிடங்கு வேண்டும், சுமக்க வண்டி வேண்டும், காக்க ஆள் வேண்டும், எழுத ஏடு வேண்டும். ஒரு விரயம் ஒன்பது விரயங்களைப் பெற்றெடுக்கும்.

இந்தப் பட்டியலை மறுமுறை படித்துப் பாருங்கள் நண்பர்களே! ‘தொழிலாளி மெதுவாகக் கை அசைக்கிறான்’ என்பது இதில் எங்கேனும் உண்டா? இல்லை. ஏழும் வேலையை வகுத்தவர்களின் குறைகள். வேலை செய்பவனின் குறையன்று. நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் எழுத 5 நிமிடம். கண்காணிப்பாளர் சரிபார்க்க 2 நிமிடம். கையொப்பமும் முத்திரையும் 1 நிமிடம். ஆக வேலை 8 நிமிடம். சான்றிதழ் நம் கைக்கு வருவதோ மூன்றாம் நாள். இடைப்பட்ட காலமெல்லாம் தாள் மேசைமேல் தூங்கிய காலம். எழுத்தரை விரட்டி விரட்டி எழுதச் சொன்னால் ஒரு நிமிடம் மிஞ்சும். தாள் தூங்குவதைத் தடுத்தால் மூன்று நாள் மிஞ்சும். விரட்டுவது எளிது, தடுப்பது கடினம் என்பதால் பலரும் விரட்டுவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊசி போன வழியைத் தேடி ஓடுகிறார்கள். உலக்கை போன வழியைக் கோட்டை விடுகிறார்கள்.

குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடுவது இம்முறையின் இன்னொரு சிறப்பு. ஒரு நிகழ்வுக்கு ஐந்து முறை ‘ஏன்’ என்று கேள் என்பார் ஓனோ. அதற்கு அவர் தமது நூலில் தரும் எடுத்துக்காட்டு அழகானது. எந்திரம் நின்றது, ஏன்? சுமை மிகுந்து ஃபியூஸ் போயிற்று. சுமை ஏன் மிகுந்தது? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய்ப் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே புகுந்தது. முதல் ‘ஏன்’ என்பதோடு நின்றவர் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த வாரம் எந்திரம் மறுபடி நிற்கும். ஐந்தாவது வரை போனவர் ஒரு வடிகட்டியைப் பொருத்துவார். இந்த ஐந்து வினாக்களில் ஒன்றுகூட ‘யார்’ என்று தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இருப்பே கூடாதா?

இருப்பைக் குறைப்பதுதான் இம்முறையின் உயிர் என்று சிலர் எண்ணிவிட்டார்கள். ஏரியில் நீர் வடிந்தால் அடியில் கிடக்கும் பாறை தெரிவதுபோல, இருப்பைக் குறைத்தால் மறைந்திருந்த குறைகள் தெரியும். தெரிந்த குறைகளைக் களையலாம். இருப்பைக் குறைப்பதன் நோக்கம் அவ்வளவே. பாறையை அகற்றாமல் நீரை மட்டும் வடித்தால் படகுதான் உடையும்.

1997 பிப்ரவரி 1-ஆம் நாள் ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலை தீக்கிரையாயிற்று. டொயோட்டாவின் பிரேக் அமைப்புக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்போ மிகக் குறைவு. டொயோட்டாவின் ஜப்பானிய வரிசைகள் ஏறத்தாழ அனைத்தும் நின்றுபோயின. ஆயினும் சுற்றியிருந்த பற்பல நிறுவனங்கள் தத்தம் பட்டறைகளில் அவ்வால்வைச் செய்யத் தொடங்க, சில நாட்களிலேயே வரிசைகள் ஓடத் தொடங்கின. இருப்பு காக்கவில்லை, உறவு காத்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்நிறுவனம் தன் பாடத்தைத் திருத்திக்கொண்டது. கிடைப்பதற்கு நாளாகும் மின்னணுச் சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்குமாறு வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-இல் சில்லுப் பஞ்சம் உலகைத் தாக்கியபோது, ஆண்டின் முற்பாதியில் அது மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாண்டு செப்டம்பரில் அதுவும் உலக உற்பத்தியை 40 விழுக்காடு குறைக்க நேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விரயம் எது, காப்பு எது என்று பகுத்தறிவதே அறிவு.

கைவிடப்பட்ட பாதி

இனி என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். ஜப்பானியர் தவிர்க்க வேண்டியவை மூன்று என்பர்: முடா, முரா, முரி. முடா என்பது விரயம். முரா என்பது சீரின்மை. இன்று மலையளவு வேலை, நாளை ஒன்றுமில்லை என்னும் நிலை. முரி என்பது ஆள் மீதோ எந்திரத்தின் மீதோ தாங்கமுடியாத சுமையை ஏற்றுவது. ஒலியால் அது நம் ‘முறி’ என்னும் சொல்லை நினைவூட்டுகிறது. சொல்லுறவு ஒன்றுமில்லை, ஆனால் பொருள் பொருந்தத்தான் செய்கிறது. சுமை மீறினால் முறியும். மூன்றில் முதலாவதை மட்டும் உலகம் இறக்குமதி செய்துகொண்டது. மூன்றாவதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டது.

அதைப்போலவே விடப்பட்டது நிறுத்தும் உரிமை. டொயோட்டாவின் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் ஒரு கயிறோ பொத்தானோ இருக்கும். பிழை கண்டால் அவர் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். குறித்த நேரத்துக்குள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். மேலாளரையும் முதலாளியையும் கேட்க வேண்டியதில்லை. இழை அறுந்தால் நிற்கும் தறியின் அறிவு, இங்கே மனிதனின் உரிமையாக மாறியிருக்கிறது.

இவ்வுரிமை பொருளுள்ளதாக இருக்க ஓர் அடிப்படை வேண்டும். அதுதான் வேலைப் பாதுகாப்பு. 1950-இல் டொயோட்டா கடும் பண நெருக்கடியில் சிக்கியது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. ஏறத்தாழ 2000 தொழிலாளர் வெளியேறினர். நிறுவனர் கீச்சிரோவும் பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். அந்தக் காயம் எளிதில் ஆறவில்லை. 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூட்டாக வெளியிட்ட பிரகடனம், ஒருவரையொருவர் நம்புவதை அடித்தளமாகக் கொண்டது.

அமெரிக்காவிலும் இதற்குச் சான்றுண்டு. கலிபோர்னியாவின் ஃபிரமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை 1982-இல் மூடப்பட்டது. அங்கே ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம், தகராறுகளுக்குக் கணக்கில்லை. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. தொழிலாளருள் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். சில ஆண்டுகளில் அது அமெரிக்காவின் சிறந்த கார் ஆலைகளுள் ஒன்றாயிற்று. வராதோர் தொகை மிகச் சிறிதாயிற்று. 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல், பயிற்சியிலும் ஆலையைச் சீரமைப்பதிலும் ஈடுபடுத்தினார்கள். 2010-இல் அந்த ஆலை மூடப்பட்டது உண்மைதான். ஆனால் ‘தொழிலாளி சரியில்லை’ என்ற பழைய பல்லவி பொய் என்பதை அது மெய்ப்பித்துவிட்டுப் போயிற்று.

தாயகத்திலும் தவறு உண்டு

டொயோட்டாவைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. சதோஷி கமாதா என்ற இதழாளர் 1972-இல் அங்கே பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை செய்து, வரிசையின் வேகம் மனிதனை எப்படி வாட்டுகிறது என்று 1973-இல் ஒரு நூல் எழுதினார். 2002-இல் அந்நிறுவனத்தின் தொழிலாளி ஒருவர் பணியிடத்தில் சரிந்து இறந்தார். அவர் மனைவி தொடுத்த வழக்கில், அது மிகை உழைப்பால் நேர்ந்த இறப்பே என்று 2007-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தாமாக முன்வந்து’ செய்வதாகச் சொல்லப்பட்ட தரமேம்பாட்டுக் குழுப் பணிகளையும் நீதிமன்றம் வேலை நேரமாகவே கணக்கிட்டது. மறு ஆண்டு அந்நிறுவனமும் அப்பணிக்கு முழு ஊதியம் தர முடிவு செய்தது. முரியை ஒழிக்கச் சொன்ன இடத்திலேயே முரி மனிதனைக் கொன்றது. ‘அப்படியானால் இம்முறையே உழைப்பைச் சுரண்டும் முறைதானே?’ என்று சிலர் கேட்பர். நான் அப்படிக் கருதவில்லை. மருந்தில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைக் குடித்தவன் பிழைக்காமற்போனால், அதற்கு மருந்தைப் பழிப்பது முறையன்று.

நம் வாயிலில்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று ஒதுக்க முடியாது. சென்னைப் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. ஜப்பானிய முறை தமிழ் மண்ணில் வேரூன்றும் என்பதற்கு இது சான்று. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று ஆலைகள் நிறைந்துள்ளன. நம் கல்லூரியில் பட்டம் பெறுவோரிலும் பலர் நாளை அங்கேதான் செல்லப்போகிறோம். பயிற்சியாளராகவோ ஒப்பந்தத் தொழிலாளியாகவோதான் பலருக்கும் முதல் வேலை அமைகிறது.

சென்ற ஆண்டு தொழிற்சாலைப் பார்வைக்காக எங்கள் வகுப்பு சென்ற ஓர் உதிரிபாக ஆலையில் சுவரெங்கும் வண்ணப் பலகைகள். ஏழு விரயங்களும் படத்துடன் எழுதப்பட்டிருந்தன. வரிசையில் நின்ற ஓர் இளைஞரிடம், “அண்ணா, பழுது தெரிஞ்சா நீங்க நிறுத்தலாமா?” என்று கேட்டேன். அவர் தலைக்குமேல் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, “இருக்கு தம்பி. அமுக்குனா டார்கெட் போயிடும். நான் கான்ட்ராக்ட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை. நாளை தன் வேலை நிலைக்குமா என்று அறியாதவன், இன்று எந்த நெஞ்சுரத்தில் வரிசையை நிறுத்துவான்? நிறுத்தாவிட்டால் பழுது முன்னே போகும். கடைசியில் அது சாலையில் ஓடும் ஒரு வண்டியில் போய்ச் சேரும். தொழிலாளியின் அச்சம்தான் ஓர் ஆலையின் மிகப்பெரிய விரயம். அந்த ஏழில் அது எழுதப்படவில்லை; ஆனால் அந்த ஏழையும் மறைத்துவைக்கும் திரை அதுவே.

ஆகவே விரயத்தை ஒழித்ததாகப் பெருமை பேசும் எந்த ஆலையையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம் என்பது என் கருத்து. கடைநிலைத் தொழிலாளி, அடுத்த நாள் பற்றிய அச்சமின்றி வரிசையை நிறுத்த முடியுமா? ஒரு வேலையை எளிதாக்க வழிசொன்னவனுக்கும் அவன் தோழனுக்கும் அந்த யோசனையே வேலையைப் பறிக்காது என்ற உறுதி உண்டா? தாங்கமுடியாத சுமையும் விரயக் கணக்கில் சேர்க்கப்படுகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்தால், அங்கே நடப்பது விரய ஒழிப்பு. இல்லையென்றால், அது பழைய விரட்டலுக்குப் போர்த்திய புதிய போர்வை.

கலைக் கல்லூரி மாணவர்க்கு எந்திரங்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். அச்சு மாற்றும் நுட்பத்தைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். ஆனால் எதை விரயம் என்பது, எதைச் செல்வம் என்பது என்னும் கேள்வி பொருளியலுக்கும் வரலாற்றுக்கும் அறத்துக்கும் உரியது. நம்மில் சிலர் அந்த வரிசையில் நிற்போம். சிலர் மேற்பார்வையாளராக அதனருகில் நிற்போம். சிலர் தொழிலாளர் துறை அலுவலர்களாக அதன் வாயிலுக்குச் செல்வோம். எங்கு நின்றாலும் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கும் துணிவுள்ளவராக, அமுக்கியவனைக் காக்கும் பண்புள்ளவராக நாம் இருக்க வேண்டும். இரும்பு வீணானால் உருக்கி வார்க்கலாம். உழைப்பவன் வீணானால் அதற்கு ஈடேது?